பழைய ரேமோடு வேறு கம்பெனி ரேம்: சேர்க்கலாமா, மொத்தமாக மாற்றலாமா?

கும்பகோணத்தில் என் மச்சான் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம்தான் அவருக்குச் சோறு போடும் வேலை. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். தை பிறந்துவிட்டால் தலை நிமிர முடியாது. அந்த இடைவெளியில் ஒரு நாள் போன் செய்தார்.

"மாப்ள, ஃபோட்டோஷாப்ல ரெண்டு ஷீட் திறந்தாலே சிஸ்டம் ஹேங் ஆயிடுது. எட்டு ஜிபி ரேம்தான் இருக்கு. இங்க கடையில இன்னொரு எட்டு ஜிபி தர்றேங்கிறாங்க, ஆனா வேற கம்பெனி. கம்பெனி மாத்திப் போட்டா போர்டே போயிடும்னு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்றாரு. என்ன பண்ணலாம்?"

மதர்போர்டு போகாது. அதை அப்போதே சொல்லிவிட்டேன். அவருடையது போன்ற சாதாரண டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேம் யார் பெயரில் வந்தாலும் 1.2 வோல்ட்டில்தான் ஓடும். டிடிஆர்3, டிடிஆர்5 வகைகளில் அடிப்பக்க வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அவை டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. அழுத்தித் திணித்தால் ஒழிய விபத்துக்கு வழியில்லை. ஆனால் போர்டு போகாமல் இருப்பது மட்டும் போதாது. நாள் முழுக்க நம்பி வேலை செய்ய வேண்டும். ஆகவே எதையும் வாங்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்த்தோம். அவர் போடும் ஆல்பத் தாள் 12×36 அங்குலம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 3600×10800 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 3.9 கோடிப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தால், பின்னணி லேயர் ஒன்றுக்கே சுமார் 117 எம்பி. அதன் மேல் மணமக்கள் படங்கள், பூ வேலைப்பாடு, நிழல், எழுத்து, பின்னோக்கிப் போக ஹிஸ்டரி என்று சேர்த்தால் ஒரு தாளே 2 ஜிபியைத் தாண்டிவிடும். விண்டோஸும் பிரௌசரும் ஏற்கெனவே பாதியைப் பிடித்து வைத்திருக்கும்போது 8 ஜிபி எந்த மூலைக்கு? 16 கட்டாயம், 24 இருந்தால் நிம்மதி, 32 இருந்தால் அடுத்த நாலைந்து வருடத்துக்குக் கேள்வியே இல்லை. வழிகளை ஒப்பிடும்போது இந்த எண்களை மறக்கக் கூடாது. கம்பெனிப் பொருத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, தேவையான அளவை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அவருடைய சிஸ்டம் இன்டெல் ஐ5-10400, எச்410 போர்டு, இரண்டே ஸ்லாட். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி, இன்னொன்று காலி. கேபினட்டைப் படுக்க வைத்து, தூசியை ஊதிவிட்டு, மொபைல் டார்ச்சைப் பிடித்து ரேமின் ஸ்டிக்கரைப் படித்தோம். பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். அதன் கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில், நமக்கு வேண்டிய விஷயம்: 8ஜிபி, 1ஆர்×8, பிசி4-2666வி-யுஏ2.

அந்தச் சின்ன வரிதான் ரேமின் ஜாதகம். பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 அதன் வேகம். சில ஸ்டிக்கரில் இதையே பிசி4-21300 என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 1ஆர்×8 என்றால் ஒரே ரேங்க் (ஒரே சிப் தொகுதி), 8 பிட் அகலமுள்ள சிப்புகள். 'யு' என்ற எழுத்து சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் அது சர்வருக்கானது. செகண்ட்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் நம் வீட்டு போர்டில் திரையே வராது.

சரி, கம்பெனி பெயருக்கு வருவோம். உலகத்தில் ரேம் விற்கும் பெயர்கள் எத்தனையோ. ஆனால் உள்ளே இருக்கும் டிராம் சிப்பைப் பெருமளவில் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். கோர்சேர், கிங்ஸ்டன், ஜி.ஸ்கில், ஏடேட்டா போன்றவர்கள் சிப்பை வாங்கிப் பலகையில் பொருத்தி, சோதித்து, தங்கள் பெயரில் விற்கிறவர்கள். ஒரே ஆலையில் அரைத்த பொன்னி அரிசி நாலு பெயர் போட்ட மூட்டைகளில் கடைக்கு வருகிற மாதிரிதான். வெவ்வேறு பெயருள்ள இரண்டு ரேமில் ஒரே சிப் இருக்கலாம். அதே பெயர், அதே மாடலில் போன வருடம் ஒரு சிப்பும் இந்த வருடம் வேறு சிப்பும் இருக்கலாம். கோர்சேர் ஸ்டிக்கரில் 'வெர்' என்று ஓர் எண் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே சிப் மாறினால் அந்த எண் மாறும், மாடல் பெயர் மாறாது.

அதே கம்பெனி, அதே மாடல்

பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் வழி இது. தவறில்லை, கிடைத்தால் வாங்கலாம். ஆனால் நாலைந்து வருடத்துக்கு முன் வாங்கிய மாடல் இன்று கடையில் இருக்காது. இருந்தாலும் விலை கூடுதலாக இருக்கும். நான் மேலே சொன்னபடி, உள்ளே அதே சிப்தான் இருக்கிறது என்ற உறுதியும் இல்லை. இதற்காக நாலு கடை ஏறி இறங்குவதும், ஆன்லைனில் அதிக விலை கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறு கம்பெனி, அதே எண்கள்

ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று இருக்கிறது. இந்த வேகத்தில், இந்த டைமிங்கில் (கேட்டதற்குப் பதில் தர எடுக்கும் தாமதம்), இந்த வோல்டேஜில் நான் ஓடுவேன் என்ற விவரம் அதில் எழுதியிருக்கும். சிஸ்டத்தை ஆன் செய்ததும் பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இரண்டு ரேமின் எஸ்பிடியையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். ஒன்று 2666, இன்னொன்று 3200 என்றால் இரண்டும் 2666-இல் ஓடும். மாட்டுவண்டியில் மெதுவாகப் போகிற மாட்டுக்குத்தான் வண்டி கட்டுப்படும், அதுபோல. இதெல்லாம் ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த பொதுத் தரம். எல்லாக் கம்பெனியும் அதைப் பின்பற்றுவதால்தான் கலந்து போடுவதே சாத்தியமாகிறது.

மச்சானின் சிஸ்டத்துக்கு இது இன்னும் எளிது. ஐ5-10400 பிராசசரோடு எச்410 போர்டு 2666-க்கு மேல் ரேமை ஓட்டாது. ஆகவே கடையில் 3200 மட்டும்தான் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், அது இறங்கி 2666-இல் ஓடும். அதிக வேகத்துக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுக்கத்தான் அவசியமில்லை.

இந்த வழியில் இன்னொரு லாபம் டூயல் சேனல், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒன்றுக்கு இரண்டு பாதை. ஒற்றை 2666 ரேம் நொடிக்கு 21.3 ஜிபி வரை கொடுக்கும். இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் அது 42.6 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் திரைக்கான வேலையும் இதே ரேமிலிருந்துதான் நடக்கிறது. அதனால் ரேம் ஒன்றிலிருந்து இரண்டாகும்போது ஃபோட்டோஷாப்பில் ஜூம் செய்து நகர்த்துவதில்கூட வித்தியாசம் தெரியும். இரண்டு ரேமும் வேறு கம்பெனி என்பதால் டூயல் சேனல் வராது என்று சிலர் சொல்வது உண்மையில்லை. சேனலுக்குப் பெயர் தெரியாது, அளவுதான் தெரியும்.

ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். இப்போது வரும் சில 8 ஜிபி ரேமில் நான்கே சிப்புகள் இருக்கும், ஸ்டிக்கரில் 1ஆர்×16 என்று இருக்கும். ஓடும், ஆனால் எட்டுச் சிப் உள்ள 1ஆர்×8-ஐ விடக் கொஞ்சம் மந்தம். இரண்டும் ஒரே விலைக்கு இருந்தால் எட்டுச் சிப் உள்ளதை எடுங்கள்.

வேறு கம்பெனி, வேறு அளவு: 8 + 16

கடைக்காரர்கள் பெரும்பாலும் இதை வேண்டாம் என்பார்கள். என் பார்வையில், ஆல்பம் வேலை செய்கிறவருக்கு இதுதான் அதிகம் கவனிக்கப்படாத நல்ல வழி. 8-உம் 16-உம் போட்டால் மொத்தம் 24 ஜிபி. இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் மோடு என்கிறது: இரண்டிலிருந்தும் 8, 8 சேர்ந்து டூயல் சேனலாக ஓடும், பெரிய ரேமில் மிச்சமிருக்கும் 8 தனியாக, ஒற்றை வேகத்தில் ஓடும். அந்த மிச்சத்தின் வேகம் பாதிதானே என்று தோன்றலாம். ஆனால் ரேம் போதாமல் போனால் ஃபோட்டோஷாப் எங்கே போகும்? ஸ்கிராட்ச் டிஸ்குக்கு, அதாவது எஸ்எஸ்டிக்கோ ஹார்டு டிஸ்குக்கோ. அவற்றோடு ஒப்பிட்டால் ஒற்றைச் சேனல் ரேம் எத்தனையோ மடங்கு வேகம். இடம் பற்றாத வீட்டில் பின்கட்டு கொஞ்சம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை, தெருவில் படுப்பதற்கு அது மேல்.

அப்புறம், இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இன்று இன்னொரு 8-ஐப் போட்டால் ஸ்லாட் தீர்ந்தது. அடுத்த முறை இரண்டில் ஒன்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இன்று 16 போட்டால், பிறகு பழைய 8-ஐ மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு 16 போட்டு 32 ஆக்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மாற்றி, ஜோடியாக வாங்குவது

ஒரே பெட்டியில் இரண்டு ரேம் சேர்த்து விற்பதுதான் கிட். அந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்து, எழுதியிருக்கும் வேகத்தில் ஓடும் என்று கம்பெனி உறுதி தருகிறது. கொடுக்கிற கூடுதல் பணம் அந்த உறுதிக்குத்தான். கேமிங் ரேமுக்கும் டிடிஆர்5-க்கும் அந்த உறுதி அவசியம். 2666-க்கு மேல் போகவே முடியாத மச்சானின் சிஸ்டத்துக்கு அதன் மதிப்பு குறைவு.

விலையையும் பார்க்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சில்லறையில் க்ரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 8 ஜிபி ரேமைக் கழற்றி அலமாரியில் போடுவது எனக்கு மனசு வராத காரியம்.

செகண்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் சிஸ்டங்களிலிருந்து கழற்றிய, பச்சைப் பலகையில் சாம்சங் அல்லது ஹைனிக்ஸ் என்று எழுதிய ரேம்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அலங்காரம் இல்லாத, தரத்துக்கு உட்பட்டு ஓடும் ரேம்கள். கலந்து போட இவற்றைப்போல ஒத்துழைப்பவை குறைவு. ஆனால் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியதும் கலந்திருக்கும். கடையிலேயே ஒரு சிஸ்டத்தில் போட்டு, சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, எஸ்பிடி பக்கத்தில் வரும் விவரம் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கலக்கக் கூடாத இடம்

இதை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். என் சிஸ்டம் ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, நான்கு ஸ்லாட். அதில் 3200 வேகத்தில் சிஎல்16 (சிஎல் என்பது டைமிங் எண், குறைந்தால் தாமதம் குறைவு) கேமிங் ரேம் இரண்டு, 8 ஜிபி வீதம். இன்னும் 16 வேண்டும் என்று, வேறு கம்பெனியின் சாதாரண 3200 ரேம் இரண்டு வாங்கிப் போட்டேன். இரண்டுமே 3200 என்பதால் கவலைப்படவில்லை.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. மூன்று முறை தானே அணைந்து எழுந்தது, அப்போதும் இருட்டு. பயாஸ் அமைப்பை அழிக்க, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்துத் திரும்பப் போட்ட பிறகுதான் பயாஸ் வந்தது.

காரணம் இதுதான். கேமிங் ரேமில் எழுதியிருக்கும் 3200 பொதுத் தர வேகம் அல்ல, எக்ஸ்எம்பி என்ற தனி ப்ரொஃபைலின் வேகம். அது 1.35 வோல்ட்டும் சிஎல்16 டைமிங்கும் கேட்கும். சாதாரண 3200 ரேமோ 1.2 வோல்ட்டில் சிஎல்22-க்கு உருவாக்கியது. தாமதத்தை நானோ செகண்டில் கணக்கிட்டால் முதலாவது 10, இரண்டாவது 13.75. அந்த ப்ரொஃபைல் ஏற்கெனவே ஆனில் இருந்ததால் போர்டு அந்த 10-ஐ நான்கு ரேமுக்கும் விதித்துவிட்டது. பின்னதால் அந்த வேகத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

போதாததற்கு, நான்கு ஸ்லாட்டும் நிரம்பினாலே பிராசசருக்குச் சுமை கூடும். அந்த ரைசனுக்கு இரண்டு ரேமோடு 3200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்கு சிங்கிள் ரேங்க் ரேமோடு 2933 என்றுதான் சொல்கிறது. கையால் 2933 வைத்துச் சோதித்தேன், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வந்தன. 2666-க்கு இறக்கியதும் சுத்தமாக ஓடியது. ஆனால் ரைசனில் பிராசசரின் பாகங்களை இணைக்கும் உள்இணைப்பின் வேகமும் ரேமோடு சேர்ந்து 1600-லிருந்து 1333-க்கு இறங்கிவிடும். அளவு கூடி, வேகம் இரண்டு பக்கமும் குறைந்தது. கடைசியில் அந்த இரண்டையும் கழற்றி அப்பாவின் சிஸ்டத்தில் போட்டேன். அங்கே இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ரேமில் பழுதில்லை, சேர்க்கையில்தான் பொருத்தமில்லை.

டிடிஆர்5-இல் இது இன்னும் கறார். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேமோடு 5200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்றே சொல்கிறது. புதிதாக டிடிஆர்5 சிஸ்டம் போடுகிறவர்கள் பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். தேவையான மொத்த அளவையும் இரண்டே ரேமில், ஒரே கிட்டில், முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

லேப்டாப்பில் கதை சுருக்கம். பல மாடல்களில் 8 ஜிபி போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூட ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். அங்கே கலக்காமல் வேறு வழியே இல்லை. அதே தலைமுறை, அதே வேகம் பார்த்துப் போட்டால் போதும். ஸ்லாட்டே இல்லாதவற்றில் ஒன்றும் செய்வதற்கில்லை.

போட்ட பிறகு

கும்பகோணத்தில் நாங்கள் மூன்றாவது வழியையே எடுத்தோம். பழைய 8-ஐக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போனோம். வேறு கம்பெனியின் 16 ஜிபி, 3200, சிஎல்22, 1.2 வோல்ட். சரிவரவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கினோம். கலந்து போடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம்.

கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். பழைய ரேமின் தங்கப் பற்களில் மங்கல் படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போட்டேன். இரண்டு ஓரமும் 'டக்' என்று பூட்டிக்கொண்ட பிறகு ஆன் செய்தோம். திரை வந்தது. டாஸ்க் மேனேஜரில் 24 ஜிபி, வேகம் 2666.

மச்சான் உடனே மெமரி கார்டைச் சொருகப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். ரேமில் அரிதாக ஒரு பிட் மாறினால் சிஸ்டம் ஹேங் ஆகாமலே போகலாம், எச்சரிக்கையும் வராது. கார்டிலிருந்து வரும் படம் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. வழியில் கெட்டால் கெட்டபடியே பதிவாகும். பத்து நாள் கழித்துத் திறந்தால் படத்தின் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. அதற்குள் கார்டை அழித்து வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருப்பார். தாலி கட்டும் நொடியை யாரிடம் போய் மறுபடி கேட்பது?

மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, இரவு ஒன்பது மணிக்கு ஓடவிட்டோம். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று வரும். ஒரே ஒரு பிழை வந்தாலும் புது ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் தூங்கப் போனோம். காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தோம். நான்கு சுற்றும் முடிந்து, பிழை எண்ணிக்கை 0 என்று திரையில் நின்றது. அப்புறம்தான் கார்டைச் சொருகினார்.